சிகாகோ குழுவின் 'ஹார்ட் டு ஸே ஐயம் சாரி': ட்ரம்பெட் எங்கே போனது?

மெதுபாட்டு கேட்டது:

சிகாகோ என்ற அமெரிக்க ராக் குழுவைப் பற்றி ஒரு சந்தேகம். நான் அவர்களைக் கேட்க ஆரம்பித்தது '25 ஆர் 6 டு 4' வழியாக. 1970இல் வந்த பாட்டு. கிடார் ஒரு பக்கம் எரிய, ட்ரம்பெட், டிராம்போன், சாக்ஸபோன் மூன்றும் சேர்ந்து இன்னொரு பக்கம் அடிக்கும். ராக் குழுவுக்குள் ஒரு பேண்டு செட்டே உட்கார்ந்திருக்கிறதே என்று அசந்துபோய், முதல் சில ஆல்பங்களை வரிசையாகக் கேட்டு முடித்தேன்.

அப்புறம் ஒரு பட்டியலில் 1982இன் 'ஹார்ட் டு ஸே ஐயம் சாரி' வந்து விழுந்தது. பியானோ, மேலே ஏறி நிற்கும் ஓர் ஆண்குரல், பின்னால் சின்தசைசர் மெத்தை. பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது, அதில் குறை சொல்லவில்லை. ஆனால் ஊதுகருவி எங்கே? அதே பெயரில் இன்னொரு குழு இருக்கிறதா என்று தேடிப் பார்க்கும் அளவுக்குக் குழம்பிவிட்டேன். ஆட்கள் பெயரைப் பார்த்தால் பெரும்பாலும் பழைய ஆட்களே.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஓர் இடத்தில் இந்தப் பாட்டு நான்கு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. வேறோர் இடத்தில் ஐந்து நிமிடத்தைத் தாண்டி ஓடுகிறது, கடைசியில் சம்பந்தமே இல்லாத வேகப்பாட்டு ஒன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. எது ஒரிஜினல்? இவர்கள் பணத்துக்காக மாறிவிட்டார்களா, இல்லை வேறு கதை இருக்கிறதா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நள்ளிரவு வானொலி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடம் ஓடுவதுதான் ஆல்பத்தில் உள்ள வடிவம். அந்த ஆல்பத்தின் பெயர் 'சிகாகோ 16'. பின்னால் ஒட்டி வரும் வேகப்பாட்டுக்கு 'கெட் அவே' என்று தனிப் பெயரே உண்டு. மெதுபாட்டை எழுதியவர்கள் குழுவின் பாடகர் பீட்டர் செட்டேராவும் தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டரும். 'கெட் அவே'க்கு அவர்கள் இருவரோடு குழுவின் கீபோர்டுக்காரர் ராபர்ட் லாம் பெயரும் சேரும். வானொலிக்கு வசதியாக அந்த வாலை வெட்டிவிட்டு மெதுபாட்டை மட்டும் தனியாகவும் விட்டார்கள். நீங்கள் முதலில் கேட்டது அந்த வெட்டிய வடிவமாக இருக்கும்.

'சமர் லவர்ஸ்' என்ற படத்திலும் இந்தப் பாட்டு வந்தது. 1982, ராண்டல் க்ளெய்சர் இயக்கம். கிரேக்கத் தீவு ஒன்றில் நடக்கும் கதை. படத்தை இன்று யாரும் பேசுவதில்லை, பாட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது.

---

மூன்றாம் ட்ரம்பெட் எழுதியது:

தம்பி, இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வது. மேடைக் குழுக்களில் ட்ரம்பெட் வாசிக்கிறவன் நான். இந்தப் பாட்டைப் பட்டியலில் பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் கடுப்பு வரும். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

பணத்துக்காக மாறினார்களா என்று கேட்டீர்கள். 1982க்கு முன் இந்தக் குழு எந்த நிலைமையில் இருந்தது என்று பார்த்தால் கேள்வியே வேறு மாதிரி ஆகிவிடும்.

1967இல் சிகாகோ நகரத்தில் சேர்ந்த குழு. 'சிகாகோ ட்ரான்சிட் அத்தாரிட்டி' என்ற பெயரில் 1969இல் முதல் ஆல்பம் போட்டார்கள், அதுவே இரட்டைத் தட்டு. அந்தப் பெயரில் நிஜமாகவே அந்த ஊரில் ஒரு போக்குவரத்து நிறுவனம் இருந்தது. அவர்கள் வழக்குப் போடுவோம் என்றதும் பெயர் 'சிகாகோ' என்று சுருங்கியது. லீ லாக்னேன் ட்ரம்பெட், ஜேம்ஸ் பாங்கோ டிராம்போன், வால்டர் பாரசைடர் சாக்ஸும் புல்லாங்குழலும். ஊதுகருவிக்கு எழுதும் வேலை பெரும்பாலும் பாங்கோவுடையது. மற்ற ராக் குழுக்களில் பிராஸ் (இந்த ஊதுகருவிக் கூட்டம்) என்றால் பல்லவி முடிந்ததும் ரெண்டு குத்து, அவ்வளவுதான். பாங்கோ அதை இன்னொரு பாடகர்போல நடத்தினார். குரல் ஒரு வரி சொன்னால் பிராஸ் எதிர்வரி சொல்லும், சில சமயம் சண்டைகூடப் போடும். என்னைப் போன்ற ஊதுகிறவர்களுக்கு அந்தப் பழைய தட்டுகள் பாடப்புத்தகம்.

1977இல் முதல் அடி. முதல் 11 ஆல்பங்களையும் தயாரித்த ஜேம்ஸ் வில்லியம் குர்சியோவோடு உறவு முறிந்தது. 1978 ஜனவரியில் கிடாரிஸ்ட் டெர்ரி கேத் கைத்துப்பாக்கி வெடித்து இறந்தார். தற்செயல் விபத்து. அவருக்கு 32 வயது முடிய ஒரு வாரம்தான் பாக்கி. கிடாரோடு ஒரு கனத்த குரலும் போய்விட்டது.

அதற்கப்புறம் தடுமாற்றம்தான். ஃபில் ரமோனை வைத்து இரண்டு ஆல்பம், டாம் டவுடை வைத்து ஒன்று. நடுவில் டிஸ்கோவையும் ஒரு கை பார்த்தார்கள். ('ஸ்ட்ரீட் ப்ளேயர்' கேட்டுப் பாருங்கள், அந்த பிராஸ் வரியை 90களில் ஒரு நடனப்பாட்டுக்காரர் வெட்டி எடுத்து உலகம் முழுக்க ஓடவிட்டார்.) 1980இல் வந்த 'சிகாகோ XIV' அமெரிக்கப் பட்டியலில் 71ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. ஐந்து ஆல்பங்களைத் தொடர்ந்து முதலிடத்தில் வைத்திருந்த குழுவுக்கு 71! கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியோடு இருந்த நீண்ட உறவும் அத்தோடு முடிந்தது.

ஆக, 1982இல் இவர்கள் பேராசையில் மாறவில்லை. கதவு மூடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் டேவிட் ஃபாஸ்டர் வருகிறார். கனடாக்காரர், பியானோ வாசிப்பவர். எர்த், விண்ட் அண்ட் ஃபயர் குழுவின் 'ஆஃப்டர் தி லவ் ஹாஸ் கான்' எழுதிய மூவரில் ஒருவர். அந்த மூவரில் இன்னொருவர் பில் சாம்ப்ளின். அவர் 1981இல் சிகாகோவிலேயே சேர்ந்துவிட்டார். ஃபாஸ்டர் வெளியே நின்று பொத்தானைத் திருப்பும் தயாரிப்பாளர் இல்லை. உள்ளே வந்து உட்கார்ந்து பாட்டையே சேர்ந்து எழுதுவார், பியானோவை அவரே வாசிப்பார், தேவைப்பட்டால் வெளியாட்களைக் கூப்பிடுவார். 'சிகாகோ 16'இல் டோட்டோ குழுவின் ஸ்டீவ் லூக்கதர், டேவிட் பெய்ச், ஸ்டீவ் போர்காரோ மூவரும் வேலை செய்திருக்கிறார்கள். உறையில் என்ன படம் தெரியுமா? ஒரு கம்ப்யூட்டர் சிப். இனி எந்தப் பக்கம் போகிறோம் என்பதை உறையிலேயே அச்சடித்துவிட்டார்கள்.

இப்போது பாட்டுக்கு வருகிறேன். ஃபாஸ்டருடைய கை எங்கே தெரிகிறது என்றால், பியானோவின் இடது கையில். வலது கை ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) பிடித்திருக்கும்போது அடியில் இருக்கும் ஸ்வரம் அந்தக் கார்டின் மூல ஸ்வரமாக இருக்காது, வேறொன்றாக இருக்கும். அதனால் ஒவ்வொரு கார்டும் முழுதாக உட்காராமல் அடுத்ததை நோக்கிச் சாய்ந்துகொண்டே இருக்கும். மன்னிப்புக் கேட்க வாய் வராமல் தவிக்கிறவனைப் பற்றிய பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான அடித்தளம் கிடையாது. பல்லவியில்தான் கால் தரையில் படும். அதுவரை செட்டேராவின் குரலுக்கு முன்னால் யாரும் வந்து நிற்கக் கூடாது. ட்ரம்பெட் வந்தால் என்ன ஆகும் என்று நானே யோசித்துப் பார்த்திருக்கிறேன். அவர் குரல் நிற்கும் உயரத்தில்தான் ட்ரம்பெட்டும் ஒலிக்கும். இரண்டும் மோதும். எங்கள் ஆட்களை உட்கார வைத்தது, மனசுக்குக் கசந்தாலும், சரியான முடிவுதான்.

பலன் என்ன? 1982 செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம், இரண்டு வாரம். பிரிட்டனில் நான்காம் இடம். அதற்கு முன் முதல் பத்துக்குள் அவர்கள் வந்தது 1977இல். வேடிக்கை என்னவென்றால், இவர்களுக்கு முந்தின வாரமும் பிந்தின வாரமும் முதலிடத்தில் இருந்தது ஸ்டீவ் மில்லர் பேண்டின் 'அப்ரகடாப்ரா'. அவர்களும் 60களில் கிளம்பிய கிழட்டுச் சிங்கங்களே. பாட்டு வீடியோ சேனலான எம்டிவி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது, எல்லாம் இளசுகள் கைக்குப் போய்விட்டது என்று சொல்லப்பட்ட காலம் அது.

சரி, என் கடுப்புக்கு வருகிறேன். ஆல்பத்தில் 'கெட் அவே' ஆரம்பிக்கிற இடம் இருக்கிறதே, அங்கேதான் பிராஸ் வருகிறது. சும்மா வருவதில்லை, அவிழ்த்துவிட்ட காளைமாதிரி வரும். மூன்றரை நிமிடத்துக்கும் மேல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் எழுந்ததும் உச்சத்தில் பிடிக்க வேண்டும். ட்ரம்பெட் ஆறிப்போனால் சுருதி இறங்கிவிடும், உதடும் விறைத்துவிடும். அதனால் கடைசிப் பல்லவி ஓடும்போதே சத்தம் வராமல் குழாய்க்குள் சூடான மூச்சை விட்டுக்கொண்டே இருப்பேன். எல்லாம் தயார். பாடகர் கடைசி வரியை இழுத்து முடிப்பார், கைதட்டல் வரும், கீபோர்டுக்காரர் அடுத்த பாட்டின் பேரைச் சொல்லிவிடுவார். ஏனென்றால் கூட்டத்துக்குத் தெரிந்தது வானொலியில் வந்த வடிவம்தான். அதற்குப் பின்னால் இன்னொன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

---

பழைய தட்டு எழுதியது:

அண்ணன் நன்றாக விளக்கினார், ஆனால் எனக்கு ஒப்புக்கொள்ள முடியவில்லை. பிழைக்க வேண்டும் என்பதற்காகச் செய்தது நல்ல பாட்டாகிவிடுமா? குழுவில் மூன்று பேர் ஊதுகிறவர்கள். அவர்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டு வெளியாட்களைக் கொண்டு சின்தசைசர் வாசிக்க வைத்தால், அது எந்தக் குழுவின் பாட்டு? உறையில் சிகாகோ என்று போட்டிருக்கிறது, உள்ளே இருப்பது செட்டேராவும் ஃபாஸ்டரும். ராபர்ட் லாம் எழுதிய பாட்டுகளால் நின்ற குழு இது. அந்த ஆல்பத்தில் அவர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

அதோடு இது ஒரு பாட்டோடு நின்றதா? 1984இல் 'சிகாகோ 17', அதில் 'ஹார்ட் ஹாபிட் டு ப்ரேக்', 'யூ ஆர் தி இன்ஸ்பிரேஷன்'. இரண்டும் அமெரிக்காவில் மூன்றாம் இடம். விற்பனையில் அவர்களுடைய எல்லா ஆல்பங்களையும் தூக்கிச் சாப்பிட்டது அது. அடுத்த வருஷமே செட்டேரா கிளம்பிவிட்டார். கடைசியில் 1988இல் 'லுக் அவே' முதலிடம் வந்தபோது, அதை எழுதியவர் டயான் வாரன், குழுவில் இல்லாதவர். பாடியவர் சாம்ப்ளின், 1981இல் சேர்ந்தவர். அதில் 1970இன் சிகாகோ எங்கே இருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடலாம்.

டெர்ரி கேத் உயிரோடு இருந்திருந்தால் இந்த மாதிரிப் பாட்டு வந்திருக்காது. அவ்வளவுதான் என் கருத்து.

---

மூன்றாம் ட்ரம்பெட் எழுதியது:

தட்டண்ணே, கோபம் புரிகிறது. எனக்கும் முதல் மூன்று ஆல்பத்துக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஆனால் கேத்தை இந்த வாதத்துக்குள் இழுக்காதீர்கள், அது உங்களுக்கே எதிராகத் திரும்பும்.

'கலர் மை வேர்ல்ட்' ஞாபகம் இருக்கிறதா? 1970. பியானோ ஒரே மாதிரி சுற்றிச் சுற்றி வரும், கடைசியில் பாரசைடரின் புல்லாங்குழல். அமெரிக்காவில் கல்யாணத்திலும் பள்ளி நடன விழாவிலும் ஒரு தலைமுறையே அதற்கு மெதுவாக ஆடியிருக்கிறது. அதைவிட மென்மையான பாட்டு இந்தக் குழு போட்டதில்லை. பாடியது யார்? கேத். எழுதியது யார்? டிராம்போன் வாசிக்கிற பாங்கோ!

அப்புறம் 1976இன் 'இஃப் யூ லீவ் மீ நவ்'. செட்டேரா எழுதிப் பாடியது. அமெரிக்காவில் அவர்களுக்குக் கிடைத்த முதல் முதலிடமே அதுதான், பிரிட்டனிலும் முதலிடம். கேத் அப்போது குழுவில் இருந்தார். அதில் கேட்பது வயலின் கூட்டமும் ஃபிரெஞ்சு ஹார்னும், லாக்னேன் ட்ரம்பெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வரும் இடம் ஒன்றும் இல்லை. அந்தத் தந்தி இசையை எழுதிய ஜிம்மி ஹாஸ்கெலுக்கும் குர்சியோவுக்கும் அதற்காக கிராமி விருது கிடைத்தது. ஆக, எங்களை உட்கார வைக்கும் பழக்கம் ஃபாஸ்டர் வருவதற்கு ஆறு வருஷம் முன்பே தொடங்கிவிட்டது. ஃபாஸ்டர் வயலினுக்குப் பதில் சின்தசைசரைக் கொண்டு வந்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதை யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை. 'கலர் மை வேர்ல்ட்' தனிப்பாட்டு இல்லை. 'பாலே ஃபார் எ கேர்ள் இன் பக்கானன்' என்று பாங்கோ எழுதிய ஏறக்குறைய 13 நிமிடத் தொகுப்பின் ஒரு துண்டு. அதே தொகுப்பின் முதல் துண்டையும் கடைசித் துண்டையும் வெட்டி ஒட்டித்தான் 'மேக் மீ ஸ்மைல்' என்று வானொலிக்கு விட்டார்கள். அவர்களை முதல்முறை பட்டியலின் முதல் பத்துக்குள் கொண்டுபோனது அந்த வெட்டி ஒட்டிய வடிவம். அதாவது இந்தக் குழுவுக்கு ஒரு பாட்டை இன்னொன்றோடு கோத்து, மெதுவானதற்குப் பின்னால் வேகமானதை வைத்து நீளமாகக் கட்டுவது பழைய வழக்கம். வானொலிக்காக அதைத் துண்டு போடுவதும் அவ்வளவே பழைய வழக்கம்.

இப்போது 'ஹார்ட் டு ஸே ஐயம் சாரி', 'கெட் அவே' இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். மெதுவாக ஆரம்பித்து, மன்னிப்பைச் சொல்லி முடித்து, இடைவெளி விடாமல் வேகத்துக்குத் தாவி, பிராஸ் மொத்தமும் எழுந்து நிற்கிறது. 1970இன் சிகாகோ அந்த ஆல்பத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், என் பதில் இந்த ஒரு நிமிடச் சொச்சம்தான். லாமின் பெயர் வருவதும் அதே இடத்தில். முழுக்க விட்டுக்கொடுத்த குழுவாக இருந்தால் அந்த வாலை வைத்திருக்கவே தேவையில்லை. மெதுபாட்டு தனியாகவே விற்கும் என்று ஃபாஸ்டருக்குத் தெரியாதா என்ன?

'லுக் அவே' விஷயத்தில் உங்களோடு சண்டை இல்லை. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

---

மெதுபாட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஹெட்போனில் ஐந்து நிமிட வடிவத்தைக் கேட்டேன். 'கெட் அவே' வரும் இடத்தில் இந்த முறை சம்பந்தமில்லாமல் தெரியவில்லை. மூன்றாம் ட்ரம்பெட் அண்ணன் ஓரத்தில் உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருப்பதுதான் கண் முன்னால் வந்தது.

இன்னும் ஒரு கேள்வி. செட்டேரா வாயை அதிகம் திறக்காமல் பாடுகிறார்போலக் கேட்கிறது. அவ்வளவு மேலே ஏறும்போதும் கத்தலாக மாறவில்லை. அது பயிற்சியா, இயல்பா? அப்புறம், ஆல்பங்களில் 14க்கு அடுத்து 16 வருகிறதே, 15 எங்கே?

---

கீழ்ஸ்தாயி எழுதியது:

குரல் பற்றி நான் சொல்கிறேன், பாடுகிறவள் என்பதால். 1969இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர் மைதானத்தில் பேஸ்பால் பார்க்கப் போன இடத்தில் சிலர் செட்டேராவை அடித்துத் தாடையை உடைத்துவிட்டார்கள். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அந்த நிலையில் பாடப் பழகியதுதான் தன் பாணியாக ஒட்டிக்கொண்டது என்று அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். தாடை அதிகம் இறங்காமல், சத்தம் முன்பற்களுக்குப் பின்னால் கூர்மையாக உருவாகி வருவதுபோல் கேட்கும். '25 ஆர் 6 டு 4' பாடியதும் இதே ஆள் என்பதைக் கவனித்தீர்களா? ஒரே குரல்தான், பின்னால் கிடாரும் பிராஸும் இருந்ததால் அங்கே முரட்டுத்தனமாகக் கேட்டது.

இந்தப் பாட்டைப் பாடிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆரம்ப வரிகள் சுலபம் என்று நினைத்து முழு மூச்சையும் அங்கேயே செலவழிக்காதீர்கள். மேலே ஏறும் இடங்களில் கத்தினால் மன்னிப்புக் கேட்கிறமாதிரி இருக்காது, மிரட்டுகிறமாதிரி இருக்கும். ஆண்கள் வெட்கப்படாமல் சுருதியை இறக்கிக்கொள்ளலாம். 1997இல் அஸ் யெட் என்ற ஆர் அண்ட் பி குழு இதை மறுபடி பாடியபோது செட்டேராவும் வந்து சேர்ந்துகொண்டார். பல குரல் சேர்ந்து பங்கு போட்டுக்கொள்வதால் அந்த வடிவம் பாடிப் பழக வசதி.

15 என்பது 1981இல் வந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ், வால்யூம் II'. தொகுப்பையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். 1978இன் 'ஹாட் ஸ்ட்ரீட்ஸ்' எண்ணே இல்லாமல் வந்தது, அதுதான் 12. இவர்கள் கணக்கு இவர்களுக்கே வெளிச்சம்.

---

மூன்றாம் ட்ரம்பெட் எழுதியது:

கீழ்ஸ்தாயி அக்கா சொன்ன தாடைக் கதையை நான் எப்படி விட்டேன்!

தம்பி, அடுத்து எதைக் கேட்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லுவேன். முதலில் அந்த 13 நிமிட 'பாலே' தொகுப்பை வெட்டாமல் முழுக்கக் கேளுங்கள். இரண்டாவது ஆல்பத்தில் இருக்கிறது. உடனே 'சிகாகோ 16'இன் இந்த இரட்டைப் பாட்டு. நடுவில் வேறு எதுவும் வேண்டாம். தொகுப்பு வாங்குவதானால் 1989இல் வந்த 'கிரேட்டஸ்ட் ஹிட்ஸ் 1982–1989'இல் 'கெட் அவே' சேர்ந்தே இருக்கிறது. மற்ற தொகுப்புகளில் வாங்கும் முன் நிமிடக் கணக்கைப் பாருங்கள். ஐந்துக்குக் கீழே என்றால் வாலை வெட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தக் குழு மேடையில் வாசிக்கும்போது இரண்டையும் சேர்த்தே வாசிக்கிறது. அவர்களுடைய ட்ரம்பெட்காரர் கொடுத்து வைத்தவர்.

---

பழைய தட்டு எழுதியது:

'பாலே' தொகுப்பை முழுக்கக் கேட்கச் சொன்னதற்காக அண்ணனைச் சும்மா விடுகிறேன். 'கெட் அவே'வையும் இன்று மறுபடி போட்டுக் கேட்டேன். பாங்கோ அங்கே இருக்கிறார், அதை மறுக்க முடியாது. மெதுபாட்டைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும் என்பதுதான் கொடுமை. என் பிளேயரில் நேராக மூன்றரை நிமிடத்துக்குத் தாவி, அங்கிருந்து கேட்டுக்கொள்கிறேன்.

---

மூன்றாம் ட்ரம்பெட் எழுதியது:

வானொலி வாலை வெட்டியது, நீங்கள் தலையை வெட்டுகிறீர்கள். நடத்துங்கள்.